உலோகத் தோற்ற வண்ணந்தீட்டல்

உலோகத் தோற்ற வண்ணந்தீட்டல் என்பது பொன், வெள்ளி, எஃகு ஆகியவற்றின் பளபளப்பை, உலோகத்துகள் கலவாத சாதாரண வண்ணங்களால் சிற்றுருவங்களின்மேல் தோற்றுவிக்கும் முறை.

வகை: சிற்றுருவங்களில் உலோகத்தைக் காட்டும் முறைகள் இரண்டு. மின்னும் துகள் கலந்த பூச்சு, அறையின் ஒளியைப் பிரதிபலிக்கும். துகளற்ற முறையில் ஒளி விழும் இடத்தை ஓவியரே முடிவு செய்து தீட்டுகிறார்.

இயல்புகள்: மெருகிட்ட உலோகம் சூழலைப் பிரதிபலிப்பதால், அதில் மிகு ஒளியும் மிகு இருளும் அருகருகே அமைகின்றன. பொன்னுக்கு ஆழ்பழுப்பு, காவி, மஞ்சள், வெளிர்மஞ்சள் ஆகியவையும், எஃகுக்குக் கருநீலம், சாம்பல் ஆகியவையும் மெல்லிய படலங்களாக ஏற்றப்படுகின்றன. விளிம்புகளிலும் உச்ச ஒளியிலும் வெள்ளை இடப்படுகிறது. உருளையில் ஒளி நீள்பட்டையாகவும் கோளத்தில் புள்ளியாகவும் விழும். தீட்டிய ஒளி நிலையானது. ஆகவே பார்வைக் கோணம் மாறினால் தோற்றம் குன்றும்.

வரலாறு: பொன்னைப் பொன்தகடின்றி வண்ணத்தாலேயே காட்டவேண்டும் என இத்தாலிய அறிஞர் ஆல்பெர்ட்டி 1435இல் தம் ஓவிய நூலில் வலியுறுத்தினார். இதற்கு மாறாக, தஞ்சாவூர் ஓவியம் பொன்தகட்டைப் பயன்படுத்துகிறது. ஆனால் ஓவியர் ராஜா ரவி வர்மா (1848–1906) நகைகளையும் சரிகையையும் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார். பின்னர் ஐரோப்பியச் சிற்றுருவ ஓவியர்களிடையே இம்முறை பரவியது.

பயன்பாடு: போர்வீரர் சிற்றுருவங்களின் கவசம், வாள் ஆகியவற்றில் இது மிகுதியாகக் கையாளப்படுகிறது. கொலு பொம்மைகளின் அணிகலன்களுக்கும், ஆலந்தலை உள்ளிட்ட முத்துக்குளித்துறைக் கத்தோலிக்க ஊர்களின் கிறிஸ்து பிறப்புக் குடில்களில் இடம்பெறும் மூவரசர் சொரூபங்களின் மகுடங்களுக்கும் இது பொருந்தும்.