பெண்களின் இதய நோயும் ஈஸ்ட்ரோஜன் ஓமோனும்

மாரடைப்பு ஆண்களைப் பீடிக்கும் நோய் என்ற எண்ணம் எமது சமூகத்தில் இன்றும் வேரூன்றியுள்ளது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் கரையோர ஊர்களில், ஐம்பது வயதைக் கடந்த தாயொருவர் நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்று கூறினால், அதனை வாய்வு என்று கருதிக் கைமருந்து கொடுப்பதே வழக்கமாக உள்ளது. ஆனால் இலங்கையில் மரணங்களுக்கான முதன்மைக் காரணம் இருதய, குருதிக்குழாய் நோய்களே ஆகும். இதில் பெண்களும் விதிவிலக்கல்லர்.

பெண்களுக்கு இந்நோய் ஆண்களைவிடச் சில ஆண்டுகள் பிந்தியே வருகின்றது. இதற்கான காரணத்தைத் தேடிய ஆய்வாளர்களின் கவனம், சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஓமோன் மீது திரும்பியது. இந்த ஓமோன் குருதிக்குழாய்களை விரிவடையச் செய்கின்றது. தீய கொலஸ்திரோலைக் குறைத்து நல்ல கொலஸ்திரோலை அதிகரிக்கின்றது. மாதவிடாய் நின்றதும் இதன் சுரப்பு பெருமளவு குறைந்துவிடுகின்றது. அமெரிக்காவின் பிரமிங்காம் நகரில் 1948 இல் ஆரம்பிக்கப்பட்ட நீண்டகால ஆய்வு, மாதவிடாய் நின்ற பெண்களிடையே, அதே வயதில் மாதவிடாய் நிற்காத பெண்களைவிட இதய நோய் அதிகமாக இருப்பதை 1976 இல் எடுத்துக்காட்டியது.

அவ்வாறாயின் இழந்த ஓமோனை மாத்திரையாகக் கொடுத்தால் இதயத்தைக் காக்கலாம் அல்லவா? அமெரிக்கத் தாதியரிடையே நடத்தப்பட்ட அவதானிப்பு ஆய்வொன்று, ஓமோன் பாவித்தோரிடம் இதய நோய் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்ததாக 1991 இல் தெரிவித்தது. இலட்சக்கணக்கான பெண்களுக்கு இம்மாத்திரைகள் சிபாரிசு செய்யப்பட்டன.

எனினும், மாத்திரையையும் வெற்று மாத்திரையையும் குலுக்கல் முறையில் பகிர்ந்தளித்துச் செய்த ஆய்வுகள் வேறு விடை தந்தன. ஏற்கனவே இதய நோயுள்ள 2,763 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1998 இல் வெளியானது. ஒட்டுமொத்தப் பயன் எதுவும் காணப்படவில்லை. 16,608 பெண்கள் பங்குபற்றிய 'பெண்கள் சுகாதார முன்முயற்சி' ஆய்வின் ஒரு பகுதி 2002 இல் இடைநடுவே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைப் பெற்ற 10,000 பெண்களில், ஆண்டொன்றுக்கு மேலதிகமாக 7 இதய நோய் நிகழ்வுகளும், 8 பாரிசவாதங்களும், 8 மார்பகப் புற்றுநோய்களும் பதிவாகியிருந்தன. இடுப்பெலும்பு முறிவு 5 ஆல் குறைந்திருந்தது.

இம்முரண்பாட்டுக்கு இரு காரணங்கள் கூறப்படுகின்றன. முந்திய ஆய்வில் தாமாகவே ஓமோனை நாடியோர் கல்வியும் வசதியும் உடையோராய், வைத்தியரிடம் ஒழுங்காகச் செல்வோராய் இருந்தனர். அவர்களது நலத்துக்கு மாத்திரை மட்டும் காரணமன்று. மற்றையது வயதாகும். 2002 ஆய்வில் பங்குபற்றியோரின் சராசரி வயது 63. 2016 இல் வெளியான மற்றோர் ஆய்வு, மாதவிடாய் நின்று 6 ஆண்டுகளுக்குள் ஈஸ்ட்ரோஜன் ஆரம்பித்தோரிடம் கழுத்து நாடிச்சுவர் தடிப்பது மந்தமடைந்ததையும், 10 ஆண்டுகளின் பின் ஆரம்பித்தோரிடம் அப்பயன் இல்லாததையும் கண்டறிந்தது.

இன்றைய மருத்துவக் கருத்து இதுவே: கடும் உடற்சூடு, வியர்வை போன்ற தொல்லைகளுக்கு, அறுபது வயதுக்குட்பட்டோர் வைத்திய ஆலோசனையுடன் ஓமோன் சிகிச்சை பெறலாம். இதய நோயைத் தடுப்பதற்கென்றே அதனைப் பாவித்தல் கூடாது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இம்மருந்துகளின் கடும் எச்சரிக்கை வாசகங்களை நீக்குவதாக அறிவித்தமையும், இதயத்துக்கான மருந்தாக அவற்றை ஆக்கிவிடவில்லை.

எமது சகோதரிகள் கவனிக்க வேண்டிய மற்றொரு விடயமும் உண்டு. ஹஜ், உம்றா பயணங்களின்போது மாதவிடாயைப் பிற்போட மாத்திரை பெறுவோர் பலர். கருத்தடை மாத்திரைகள் பலவற்றில் ஈஸ்ட்ரோஜன் உள்ளது. அது குருதி உறையும் தன்மையைக் கூட்டும். உயர் குருதியமுக்கம் உள்ளவர்களும், முன்னர் காலில் குருதி உறைந்தவர்களும் மருந்துக்கடையில் கேட்டு வாங்காது வைத்தியரிடம் கூறிப் பெறுவதே உத்தமம்.

மாத்திரையால் கிட்டாத பாதுகாப்பைப் பரிசோதனையால் பெற முடியும். பிள்ளைப்பேற்றுடன் கிளினிக் செல்வதை நிறுத்திவிடும் பெண்கள், சுகவனிதையர் கிளினிக்குகளிலும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களிலும் குருதியமுக்கத்தையும் நீரிழிவையும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். மூச்சுத்திணறல், அசாதாரண களைப்பு, குமட்டல், தாடை அல்லது முதுகு வலி என்பனவும் பெண்களில் மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். அவ்வேளையில் கைமருந்துக்காகக் காத்திராது 1990 அம்புலன்ஸை அழைப்பதே வீட்டாரின் கடமையாகும்.