'சத்ரப்' என்றொரு சொல்

ராஜராஜ சோழனின் புதிய கல்வெட்டு கிடைத்திருக்கிறது, அதில் 'தாசில்தார்' வந்து நிலம் அளந்த செய்தி இருக்கிறது என்று யாராவது சொன்னால் நமக்குச் சிரிப்புதான் வரும். கல்லைப் போய்ப் பார்க்கக்கூட வேண்டாம். அந்தச் சொல் தமிழுக்கு வந்த காலமே வேறு. 1440-இல் லொரென்சோ வல்லா செய்ததும் ஏறக்குறைய இதுதான். லத்தீன் வாத்தியாராக இருந்து அரசவைக்குப் போனவர். அவர் கைவைத்தது போப்பாண்டவரின் சொத்துப் பத்திரத்தில்.

'கான்ஸ்டன்டைனின் கொடை' என்று அதற்குப் பெயர். தொழுநோயைக் குணமாக்கி ஞானஸ்நானமும் கொடுத்த போப் சில்வெஸ்டருக்கு, ரோமையும் இத்தாலியையும் மேற்குப் பகுதிகளையும் பேரரசர் எழுதிக் கொடுத்ததாக அது சொல்கிறது. 4ஆம் நூற்றாண்டுப் பத்திரம் என்று பேர். எழுதப்பட்டது பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டில். போப்புகள் இதைக் காட்டி உரிமை கொண்டாடினார்கள். தாந்தேவுக்கு இந்தக் கொடை பிடிக்கவே பிடிக்காது. திருச்சபையைக் கெடுத்ததே இதுதான் என்று நினைத்தார். ஆனால் அவரும் அதை நம்பினார்! சட்டம் படித்தவர்கள் பேரரசருக்கு இப்படிக் கொடுக்க அதிகாரம் உண்டா என்று தலைமுறை தலைமுறையாக வாதாடினார்கள். கொடுத்தாரா என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

வல்லா வாசித்தார், வார்த்தை வார்த்தையாக. பேரரசர் தன் 'சத்ரப்'களோடு கூடி முடிவெடுத்ததாக ஒரு வரி. சத்ரப் என்பவர் பாரசீக மாகாண அதிகாரி. ரோமானிய சபையில் அவருக்கு என்ன வேலை? அடுத்து, கிரீடம். 'டயாடெம்' என்றால் தலையில் கட்டும் துணிப்பட்டை. பத்திரம் எழுதியவரோ அதைத் தங்கமும் ரத்தினமும் கொண்டு செய்துவிட்டார், தன் காலத்து ராஜாக்களின் கிரீடத்தைப் பார்த்துப் பழகியவர் போல. எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. ரோமுக்குக் கட்டுப்பட்ட திருச்சபைத் தலைமையிடங்களில் ஒன்றாகக் கான்ஸ்டான்டிநோபிளும் அதில் வருகிறது. அந்த நகரத்தை அப்போது நிறுவவே இல்லையே என்று வல்லா கத்துகிறார். ஆமாம், கத்துகிறார். ஆய்வுக் கட்டுரையின் அடக்கமெல்லாம் அதில் கிடையாது. பொய்ப் பத்திரம் எழுதியவனை எதிரே நிற்க வைத்து, திருடனைத் திட்டுவது போலத் திட்டுகிறார்.

வக்கீல்கள் கண்ணில் படாதது இவர் கண்ணில் பட்டது எப்படி? எந்தச் சொல்லைப் பழைய ஆசிரியர்கள் எந்தப் பொருளில் எழுதினார்கள் என்பதைத் திரட்டி ஆறு பகுதிகளாக லத்தீன் நடை பற்றிப் புத்தகம் போட்டவர் அவர். பிறகு பல காலம் அது பாடநூல். மாணவன் நல்ல லத்தீன் எழுதுவதற்கென்று திரட்டிய அதே அறிவுதான் இங்கே கள்ளப் பத்திரத்தைப் பிடித்தது.

நான் மொழி வகுப்பு எடுப்பவன். யுனெஸ்கோ நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக 'சற்றுமுன்' அறிவித்தது என்ற ஃபார்வர்டை ஒருமுறை கரும்பலகையில் எழுதிப் போட்டேன். யுனெஸ்கோ 2008-லேயே மறுத்துவிட்ட செய்தி அது. "சார், எங்க ஃபேமிலி குரூப்ல போன மாசம்கூட வந்துச்சே" என்றாள் ஒரு மாணவி. இத்தனை வருடம் நீடிக்கும் சற்றுமுன்! காலம் காட்டும் அந்த ஒரு சொல்லைப் பிடித்தால் போதும். யார் அறிவித்தார், எந்தக் கூட்டத்தில், என்றைக்கு என்று வகுப்பே கேட்க ஆரம்பித்துவிட்டது.

ஆனால் பிழையில்லாமல் எழுதப்பட்ட பொய்யை என்ன செய்வது? இப்போது அதுதான் அதிகம். வல்லாவிடம் இதற்கும் ஒன்று இருந்தது. போப்புகள் ரோமை ஆண்டிருந்தால் அவர்கள் பெயரில் அடித்த காசு எங்கே என்று கேட்டார். பத்திரத்தை மூடி வைத்துவிட்டு வெளியே தேடுவது. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க் குழுவினர், இணையதளங்களைக் கொடுத்து யார் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்த்தபோது, வரலாற்றுப் பேராசிரியர்களில் சிலரே ஏமாந்தார்கள். பக்கத்தைக் கவனமாக மேலிருந்து கீழ்வரை படித்தார்கள், அதனாலேயே ஏமாந்தார்கள். செய்தி சரிபார்ப்பவர்களோ உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். 'ஆழ்ந்து படி, ஆழ்ந்து படி' என்று சொல்லியே பழகிய எனக்கு இது கொஞ்சம் சங்கடம்தான்.

வல்லா கதையைச் சொன்னால் வகுப்பில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "அவர் யார்கிட்ட வேலை பார்த்தாரு சார்?" நல்ல கேள்வி. அரகோன் மன்னர் அல்ஃபோன்சோவிடம். நேப்பிள்ஸுக்காக போப் நான்காம் யூஜினோடு மல்லுக்கு நின்றவர் அந்த மன்னர். போப்பின் பத்திரம் பொய்யானால் லாபம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படியானால் வல்லா எழுதியதும் பிரசாரமா? பிரசாரம்தான், நான் மறைப்பதில்லை. ஆனால் சத்ரப் என்ற சொல்லை யாரும் போய்ச் சரிபார்க்கலாம். மன்னர் கொடுத்த சம்பளத்தால் அதன் பொருள் மாறிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ளப் பையன்களுக்குச் சிரமமாக இருக்கிறது. எனக்கும்தான்.

1448-இல் புதிய போப் ஐந்தாம் நிக்கோலஸ் அதே வல்லாவுக்கு ரோமில் வேலை கொடுத்தார், துசிடிடீஸை லத்தீனுக்குப் பெயர்க்கவும் சொன்னார். 1520-இல் மார்ட்டின் லூதர் வல்லாவின் நூலை அச்சில் படித்துக் கொதித்துப்போனார். அந்த 1520-களில்தான் வாட்டிகனின் ஓர் அறையில் ரஃபேலின் சீடர்கள் சுவரோவியம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கான்ஸ்டன்டைன் மண்டியிட்டு, ரோமைக் குறிக்கும் சின்னப் பொற்சிலை ஒன்றை போப் சில்வெஸ்டரிடம் நீட்டுகிறார். வல்லா செத்து அறுபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.