ஏடும் பதிப்பும்: பங்கு விலைப் பதிவுகள் கடந்து வந்த பாதை

1993 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் நிறுவனம் தன் பங்கை 95 ரூபாய்க்குப் பொதுமக்களிடம் விற்க வந்தது. வாங்க ஆள் போதவில்லை. மார்கன் ஸ்டான்லி அதே விலைக்கு 13 சதவீதப் பங்குகளை எடுத்துக்கொண்டதால்தான் அந்த வெளியீடு கரையேறியது. ஜூன் மாதம் பங்கு சந்தைக்கு வந்தபோது வியாபாரம் 145 ரூபாயில் தொடங்கியது. இன்றைய கணக்குக்கு மாற்றி எழுதினால் அந்த 95 ரூபாய் 9.28 பைசா ஆகிவிடுகிறது. ஒன்பது பைசாவுக்கு அந்தப் பங்கை எந்த நாளிலும் யாரும் விற்றதில்லை, வாங்கியதுமில்லை. ஆனாலும் அந்த எண்ணைப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

இரண்டு எண்களுக்கும் இடையே இருப்பது 1,024 என்ற வகுஎண். 1994, 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் ஒன்றுக்கு ஒன்று போனஸ். 2000-இல் 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கு 5 ரூபாய்ப் பங்குகள் இரண்டாகப் பிரிந்தது. 2004-இல் ஒன்றுக்கு மூன்று போனஸ். 2006, 2014, 2015, 2018-இல் மறுபடியும் ஒன்றுக்கு ஒன்று. 1993-இல் 100 பங்கு வாங்கி எதையும் விற்காமல் வைத்திருந்தவர் கையில் 2018 முடிவில் 1,02,400 பங்குகள் இருந்திருக்கும். அவர் பெற்ற பலனை ஒரே கோட்டில் காட்ட வேண்டுமானால் பழைய விலைகள் அனைத்தையும் 1,024-ஆல் வகுத்தே தீரவேண்டும். வகுக்காமல் விட்டால், போனஸ் வந்த ஒவ்வொரு நாளும் பங்கு பாதியாகவோ காற்பங்காகவோ சரிந்ததுபோல் வரைபடம் காட்டும்.

ஏட்டுச் சுவடியிலிருந்து நூல் பதிப்பிப்பவர் பாடபேதங்களை ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்து, சிதைந்த இடத்தை ஊகித்து நிரப்பி அச்சுக்குக் கொடுக்கிறார். வாசகர் கைக்கு வருவது அவருடைய தீர்மானங்களையும் உள்ளடக்கிய பனுவல். பங்கின் பழைய விலை என்று இன்று நமக்குக் கிடைப்பதும் அப்படி ஒரு பதிப்புதான். அது எப்படிப் பதிப்பாக மாறியது, மூல ஏட்டுக்கு நாம் எப்போது திரும்ப வேண்டும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

செய்தியிலிருந்து ஆவணத்துக்கு

1698-இல் லண்டனில் ஜான் காஸ்டெய்ங் என்ற தரகர், ஜொனாதன் காப்பிக்கடையை இருப்பிடமாகக் கொண்டு, வாரம் இருமுறை ஒரு விலைத்தாளை வெளியிடத் தொடங்கினார். நாணய மாற்று வீதங்களோடு இங்கிலாந்து வங்கி, கிழக்கிந்தியக் கம்பெனி போன்றவற்றின் பங்கு விலைகளும் அதில் இருந்தன. அன்றைய வியாபாரிக்கு அது செய்தி மட்டுமே. அடுத்த தாள் வந்ததும் முந்தைய தாளுக்கு வேலை இல்லை. முந்நூறு ஆண்டுகள் கழித்துப் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் அந்தத் தாள்களைத் தேடிப் பிடித்து அக்காலச் சந்தையை மீட்டெடுத்தது, காஸ்டெய்ங் நினைத்தும் பார்த்திராத பயன்.

நேற்றைய விலையையும் இன்றைய விலையையும் ஒப்பிடும் தேவை குறியீட்டெண்களோடு வலுவடைந்தது. 1896 மே 26 அன்று அமெரிக்கப் பத்திரிகையாளர் சார்லஸ் டவ் 12 நிறுவனங்களின் பங்கு விலைகளைக் கூட்டி 12-ஆல் வகுத்தார், 40.94 வந்தது. இந்த எளிய கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு நிறுவனம் தன் பங்கைப் பிரித்தால், யாருக்கும் நட்டமில்லாமலே சராசரி இறங்கிவிடும். 1928-இல் பங்குகளின் எண்ணிக்கை 30 ஆக உயர்ந்தபோது, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய வகுஎண் நடைமுறைக்கு வந்தது. பதிப்பாசிரியரின் கை விலைப் பதிவுக்குள் நுழைந்த இடம் இது என்று கொள்ளலாம்.

அடுத்த திருப்பம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நேர்ந்தது. சாதாரணப் பங்குகளில் பணம் போட்டவர்கள் பிற முதலீட்டாளர்களோடு ஒப்பிட்டால் எப்படித் தேறினார்கள் என்று மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் லூயிஸ் எங்கல் கேட்டார். கேள்வி எளிது, பதில் சொல்லத் தரவு எங்கும் இல்லை. 1960-இல் அதற்கென ஓர் ஆய்வு மையம் பிறந்தது. ஜேம்ஸ் லோரியும் லாரன்ஸ் ஃபிஷரும் நியூயார்க் பங்குச்சந்தையில் 1926 ஜனவரி முதல் 1960 டிசம்பர் வரை இடம்பெற்ற எல்லாச் சாதாரணப் பங்குகளின் விலைகளையும் ஈவுத்தொகைகளையும் பிரிப்புகளையும் இணைப்புகளையும் திரட்டினர். ஈவுத்தொகையை மறுமுதலீடு செய்து, வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 9 சதவீதம் என்ற விடை 1964-இல் வெளியானது. அந்த விடையைவிட அவர்கள் வகுத்துக்கொண்ட முறையையே நான் பெரிதாக மதிக்கிறேன். அழிந்த நிறுவனங்களையும் அவர்கள் கணக்கில் வைத்தார்கள். பிழைத்திருப்பவர்களை மட்டும் எண்ணினால் கிடைப்பது வெற்றி பெற்றவர்களின் வரலாறு. சந்தையின் வரலாறு அன்று.

இந்தியச் சந்தையில் மூல ஏடு

பம்பாயில் தரகர் சங்கம் அமைந்தது 1875-இல். அந்தச் சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸைக் கணக்கிடத் தொடங்கியதோ 1986-இல்தான்; அடிப்படை ஆண்டாக 1978-79-ஐ வைத்து 100 என்று கொண்டார்கள். தேசிய பங்குச்சந்தையில் பங்கு வியாபாரம் 1994 நவம்பரில் தொடங்கியது. ஆகவே இன்ஃபோசிஸின் 1993 விலையை அந்தச் சந்தையின் பதிவில் தேடிப் பயனில்லை. அதற்கு முன்பு கூவி விற்ற காலத்தில் பம்பாய், கல்கத்தா, சென்னைச் சந்தைகளில் ஒரே பங்குக்கு ஒரே நாளில் வெவ்வேறு விலை இருந்தது. எந்த ஊர் விலையைப் ‘பழைய விலை’ என்று கொள்வது என்பதே பதிப்பாசிரியர் எடுக்கவேண்டிய முதல் முடிவு. 1937-இல் புத்துயிர் பெற்ற சென்னைப் பங்குச்சந்தை 2015-இல் களத்திலிருந்து விலகியது.

மின்திரைக் காலத்தில் மூல ஏட்டுக்கு நிகரானது பாவ்காப்பி. ஒவ்வொரு நாளும் வியாபாரம் முடிந்தபின் சந்தை வெளியிடும் கோப்பு இது: தொடக்க விலை, உச்சம், அடிமட்டம், முடிவு விலை, கைமாறிய பங்குகள் என்று அன்று நடந்தது நடந்தபடி இருக்கும். பின்னாளில் போனஸ் வந்தாலும் இதை யாரும் திருத்துவதில்லை. இந்த ஏட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தேசிய பங்குச்சந்தை நெடுங்காலம் ‘முடிவு விலை’ என்று பதிந்தது கடைசியாக நடந்த பேரத்தின் விலையை அல்ல. கடைசி அரைமணி நேர வியாபாரங்களின் அளவுக்கேற்ப எடையிட்ட சராசரி விலையை.

பதிப்புகள் மாறுபடும் இடங்கள்

போனஸும் பிரிப்பும் எளிய வகுத்தல். உரிமைப் பங்கு வரும்போது கணக்குச் சற்று நீளும். 100 ரூபாய் விலையுள்ள பங்கு நான்கு வைத்திருப்பவருக்கு 50 ரூபாய்க்கு ஒரு புதுப் பங்கு தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நூறும் ஒரு ஐம்பதும் சேர்ந்து 450. ஐந்தால் வகுத்தால் 90. ஆகவே பழைய விலைகளை 0.9-ஆல் பெருக்க வேண்டும்.

நிறுவனம் பிரிந்தால் இன்னும் சிக்கல். 2023 ஜூலை 20 அன்று ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் தனியே பிரிந்தது. முந்தைய முடிவு விலை 2,841.85 ரூபாய், காலைச் சிறப்பு அமர்வில் ரிலையன்ஸுக்குக் கிடைத்த விலை 2,580. இடைவெளியான 261.85 ரூபாய் ஜியோ ஃபைனான்ஷியலின் மதிப்பாகக் கொள்ளப்பட்டது. அதற்கு முந்தைய ரிலையன்ஸ் விலைகளைக் குறைத்து எழுதும் தரவுத்தொகுப்பும் உண்டு, அப்படியே விட்டுவைக்கும் தொகுப்பும் உண்டு. இரண்டையும் கலந்து ஆய்வு செய்தால் ஒரே நாளில் 9 சதவீத நட்டம் முளைத்துவிடும்.

ஈவுத்தொகையிலும் இதே குழப்பம். சில தொகுப்புகள் அதைச் சேர்க்கின்றன, பல சேர்ப்பதில்லை. 2018 பிப்ரவரி முதல் பரஸ்பர நிதித் திட்டங்கள் தம் செயல்பாட்டை ஈவுத்தொகையும் சேர்ந்த மொத்த வருவாய்க் குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதித்தது. அதுவரை வெறும் விலைக் குறியீட்டோடு ஒப்பிட்டு, சந்தையை முந்திவிட்டதாகச் சொல்லிக்கொள்ள இடமிருந்தது.

சிறு எண்களில் ஒளிந்திருக்கும் பிழையைப் பலரும் கவனிப்பதில்லை. இன்ஃபோசிஸின் 95, 96, 97 ரூபாய் விலைகளை 1,024-ஆல் வகுத்து இரண்டு தசமத்துக்கு முழுமைப்படுத்தினால் மூன்றும் 0.09 ஆகிவிடும்; அசைவே தெரியாது. 100 ரூபாய் 0.10 ஆகும். நடந்தது சுமார் 5 சதவீத ஏற்றம். திரையில் தெரிவது 11 சதவீதம். தொடக்ககால ஏற்ற இறக்கத்தை ஆராய்பவர் இப்படி வகுத்துச் சீர் செய்த விலையை நம்பினால் ஆய்வு அடித்தளத்திலேயே ஆட்டம் கண்டுவிடும். நெடுங்கால வரைபடத்தை மடக்கை அளவுகோலில் வரைந்தால்தான் 2000-இன் வீழ்ச்சிகூடக் கண்ணுக்குத் தெரியும்.

எம்.ஆர்.எஃப். இன்ஃபோசிஸுக்கு நேர் எதிர். திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய அந்த நிறுவனம் பல பத்தாண்டுகளாகப் பங்கைப் பிரிக்கவுமில்லை, போனஸ் தரவுமில்லை. அதனால் 2023 ஜூனில் அதன் பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அங்கே ஏடும் பதிப்பும் கிட்டத்தட்ட ஒன்றே. லட்ச ரூபாய்ப் பங்கு விலை அதிகம் என்றும், ஆயிரத்துச் சில்லறைப் பங்கு மலிவு என்றும் நினைப்பது எவ்வளவு தவறு என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் உணரலாம்.

கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் விலையை மட்டும் படிப்பதும் ஆபத்து. ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகளைப் பெருமளவில் வைத்திருக்கும் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ், 3.53 ரூபாய் என்ற விலையோடு பட்டியலில் இருந்தது. அந்த விலைக்கு விற்க ஆள் இல்லை. 2024 அக்டோபர் 29 அன்று, சிறப்பு ஏலத்துக்குப் பின் அதன் விலை 2,36,250 ரூபாய். வரைபடம் ஒரே நாளில் எழுந்த செங்குத்துக் கோட்டைக் காட்டும். அன்று மாறியது மதிப்பல்ல; பதிவு.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற நிறுவனத்தின் பெயர் இன்று பட்டியலில் இல்லை. 2009 ஜனவரி 7 அன்று கணக்கு மோசடி வெளிப்பட்டு, பங்கு 39.95 ரூபாயில் முடிந்தது. அதே வாரம் சென்செக்ஸிலிருந்தும் நீக்கப்பட்டது. 2013-இல் 17 சத்யம் பங்குகளுக்கு 2 டெக் மகிந்திரா பங்குகள் என்ற கணக்கில் இணைந்து மறைந்தது. இன்றைய சென்செக்ஸின் 30 பங்குகளையும் பின்னோக்கிச் சோதிப்பவர் இந்தச் சரிவைச் சந்திக்கவே மாட்டார். லோரியும் ஃபிஷரும் அடைக்க முயன்ற ஓட்டை இதுதான்.

மூல ஏட்டின் தேவை வரிக்கணக்கில் மிகக் கூர்மையாகத் தெரிகிறது. 2018 பட்ஜெட் பட்டியலிட்ட பங்குகளின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி விதித்தபோது, அதற்கு முன் வாங்கிய பங்குகளுக்கு 2018 ஜனவரி 31 அன்றைய உச்ச விலையை, விற்ற விலைக்கு மிகாமல், அடக்கவிலையாகக் கொள்ள அனுமதித்தது. அன்று இன்ஃபோசிஸ் 1,150 ரூபாயை ஒட்டி இருந்தது. செப்டம்பரில் போனஸ் வந்ததால் சீர் செய்த பட்டியலில் அதே நாளுக்கு 575 ரூபாய் அளவில்தான் காணப்படும். சட்டப்படி, அந்தத் தேதிக்குப் பின் வந்த போனஸ் பங்கின் அடக்கவிலை பூஜ்யம். மூலப் பங்குக்கோ முழு 1,150. மூலப் பங்கைப் பின்னாளில் 1,500 ரூபாய்க்கு விற்றவரின் ஆதாயம் 350 ரூபாய். திரையில் தெரிந்த எண்ணை அப்படியே எடுத்து எழுதினால் அது 925 ரூபாயாகி, இல்லாத 575 ரூபாய்க்கும் வரி கட்ட நேரும். அவர் திறக்க வேண்டியது 2018 ஜனவரி 31-இன் பாவ்காப்பியை.