ஓடும் ஓட்டும்

தொடர்கதை எழுதுகிறவனுக்குத் தபால்காரர்தான் எமதர்மன். ஒரு சமயம் எனக்கு ஒரு கார்டு வந்தது. ஒரு பக்கத்தில் என் விலாசம். மறுபக்கத்தில், "கதையை நிறுத்தவும்" என்று இரண்டே வார்த்தைகள். கையெழுத்து இல்லை, ஊர் இல்லை, காரணமும் இல்லை. கதாநாயகி அழுதது பிடிக்கவில்லையா, கதாநாயகன் அழாதது பிடிக்கவில்லையா என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். "வேண்டாம் என்கிறவன் ஏன் வேண்டாம் என்றும் சொல்லியாக வேண்டும், அதற்குச் சட்டமே போட வேண்டும்!" என்று வீட்டில் இரைந்தேன்.

அப்புறம் ஏதென்ஸ் நகரத்துச் சரித்திரத்தைப் புரட்டியபோதுதான், அந்தச் சட்டத்தை எழுதுவது நான் நினைத்த அளவு சுலபமல்ல என்று தெரிந்தது.

ஏதென்ஸில் வருஷத்துக்கு ஒரு தடவை மக்கள் சபையில் ஒரு விசித்திரமான கேள்வியைக் கேட்பார்கள்: "இந்த வருஷம் யாரையாவது ஊரைவிட்டு அனுப்பலாமா?" ஆகட்டும் என்று சபை சொன்னால் பிறகு ஒரு நாள் குறிப்பார்கள். சந்தைச் சதுக்கத்தில் அடைப்புக் கட்டி, பத்துக் குலங்களுக்கும் பத்து வாசல் வைப்பார்கள். பிரஜைகள் ஆளுக்கு ஓர் ஓட்டாஞ்சில்லில் ஒரு பெயரைக் கீறிப் போட்டுவிட்டுப் போகலாம். மொத்தம் 6,000 சில்லாவது விழ வேண்டும். யார் பெயர் அதிகமோ அவர் பத்து நாளைக்குள் புறப்பட்டுவிட வேண்டும். பத்து வருஷம் திரும்பக்கூடாது. குற்றச்சாட்டு கிடையாது, எதிர்வாதமும் கிடையாது. ஓட்டில் எழுதி, 'ஓடு' என்று அனுப்பிவிடுவார்கள்! கொடுங்கோலர் ஆட்சி மறுபடி தலையெடுக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. கி. மு. 487-ல் முதன்முதலாக வெளியேறியவர் பழைய கொடுங்கோலரின் உறவினர்தான்.

கி. மு. 482-ல் அரிஸ்டைடீஸின் முறை வந்தது. 'நீதிமான்' என்று ஊரே அழைத்த மனிதர். எழுதத் தெரியாத குடியானவன் ஒருவன், எதிரில் நிற்பவர் யாரென்று அறியாமல் அவரிடமே சில்லை நீட்டி, அரிஸ்டைடீஸ் என்று எழுதித் தரச் சொன்னானாம். "அவர் உனக்கு என்னப்பா கெடுதல் செய்தார்?" என்று கேட்டாராம் அவர். "ஒன்றும் இல்லை. எங்கே போனாலும் நீதிமான், நீதிமான் என்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது" என்றானாம். அரிஸ்டைடீஸ் பேசாமல் தம் பெயரை எழுதிக் கொடுத்தாராம். இதைச் சொல்லும் புளூட்டார்க் ஏறக்குறைய ஆறு நூற்றாண்டு கழித்து எழுதியவர். ஆகையால் நடந்ததோ, கட்டியதோ! ஆனால் கவனியுங்கள்: இங்கே காரணம் கேட்கப்பட்டது, பதிலும் கிடைத்தது. அதனால் யாருக்கு என்ன லாபம்?

இதைவிட எனக்கு உறுத்தும் சமாசாரம் வேறொன்று. அக்ரோபாலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு பழைய கிணற்றைத் தோண்டியபோது சுமார் 190 சில்லுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் ஒரே பெயர்: தெமிஸ்டாக்ளீஸ். சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை முறியடித்த அதே தெமிஸ்டாக்ளீஸ்தான். எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் மொத்தம் பதினான்கே கைகள்! யாரோ முன்கூட்டியே எழுதிக் குவித்து, வருகிறவர்களுக்கு விநியோகம் செய்வதற்கு வைத்திருந்தார்கள் என்றுதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

சிலர் தாங்களாகவே காரணமும் எழுதினார்கள். இதுவரை தோண்டி எடுத்த 10,000-க்கு மேற்பட்ட சில்லுகளில் அவையும் உண்டு. ஒருவர் குதிரை வளர்க்கிறார் என்பது ஒரு புகார். பணக்காரத் திமிர் என்று பொருள். கைமன் என்ற தளபதியை, உன் சகோதரியையும் கூட்டிக்கொண்டு போ என்கிறது இன்னொரு சில்லு. ஒரு மகாராசன் மனிதர் பெயரை எழுதாமல், 'பசி' என்று எழுதிப் போட்டிருக்கிறான். அவன் ஓட்டு யாரையும் நாடு கடத்தவில்லை. ஆனாலும் அவனை எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, காரணம் கட்டாயம் என்று வைத்திருந்தால்? காரணம் சொன்னால் அது குற்றச்சாட்டு ஆகிவிடும். குற்றச்சாட்டு என்றால் ருசு வேண்டும், தண்டனை வேண்டும். காரணம் இல்லாததனால்தான் வெளியேறியவருக்கு அவமானம் இல்லை. நிலமும் வீடும் அவருடையதாகவே இருந்தன. பாரசீகர் படையெடுத்து வந்த கி. மு. 480-ல் அரிஸ்டைடீஸைத் திரும்ப அழைக்கவும் முடிந்தது. பானை வனைகிறவன் பிரபுவுக்கு எதிராகப் பெயரும் காரணமும் எழுத வேண்டுமென்றால், எத்தனை பேர் சில்லைத் தொட்டிருப்பார்கள்?

அதே ஏதென்ஸ் கி. மு. 399-ல் ஒரு கிழவர்மீது காரணங்களை ஒழுங்காக எழுதி வைத்தே ஓட்டெடுத்தது. ஊர்த் தெய்வங்களை ஒப்பவில்லை, வாலிபர்களைக் கெடுக்கிறார் என்று குற்றச்சாட்டு. சுமார் 500 பேர் கொண்ட சபை. முப்பது ஓட்டு மாறியிருந்தால் சாக்ரடீஸ் பிழைத்திருப்பார். எழுதிய காரணம்தான் நிஜமான காரணமா? கொடுங்கோலன் கிரிட்டியாஸ் ஒரு காலத்தில் சாக்ரடீஸைச் சுற்றித் திரிந்தவன். ஆனால் கி. மு. 403-ல் பொது மன்னிப்பு வழங்கியாகிவிட்டது. பழைய அரசியலைக் கிளற வழியில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஈஸ்கினீஸ் என்ற பேச்சாளர், கிரிட்டியாஸுக்குக் கற்பித்ததற்காகத்தான் சாக்ரடீஸைக் கொன்றீர்கள் என்று பகிரங்கமாகவே சொன்னார்.

ஆகையால் என் சட்டத்தை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காரணம் சொல்ல வேண்டாம். ஆனால் அவரவர் சில்லை அவரவர்தான் எழுத வேண்டும், எழுதத் தெரியாதவனுக்கு வேண்டுமானால் அரிஸ்டைடீஸ் எழுதிக் கொடுக்கட்டும். அந்தக் கிணற்றுச் சில்லுகளை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன்.

ஏதென்ஸ்காரர்களுக்கே அது கசந்தது. கி. மு. 417 வாக்கில் நிசியாஸ், அல்சிபயாடீஸ் என்ற இரண்டு பெரிய புள்ளிகளில் ஒருவர் போக வேண்டிய நிலை. இருவரும் இரவோடு இரவாக ராசியாகி, தங்கள் ஆட்களைத் திருப்பி விட்டார்கள். போனவர் ஹைபர்போலஸ் என்ற மூன்றாம் மனிதர். ஊர் முதலில் சிரித்தது, பிறகு கோபித்துக்கொண்டது. அதற்கப்புறம் ஏதென்ஸில் யாரும் சில்லுப் போடவே இல்லை.