மன்னரின் மடிநாயும் 25 பவுண்டு மூக்கும்



அடுக்குமாடி வீட்டில் வளர்க்க 'கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல்' வாங்கலாமா என்று நம் பிள்ளைகளில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். விலையும் தீனியும் விற்பவரே சொல்லிவிடுவார். ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு மன்னர் உட்கார்ந்திருக்கிறார். மன்னர் பெயர் காதில் விழுந்தால் வரலாற்று வாத்தியார் சும்மா இருக்க முடியுமா? ('கேவலியர்' என்றும் எழுதுகிறார்கள். படித்தால் கேவலம் என்று தோன்றும். பாவம் அந்த நாய். நான் 'கவாலியர்' என்றே எழுதுகிறேன்.)

யார் அந்தச் சார்லஸ்? போர்ச்சுகல் இளவரசி கேத்தரினை மணந்து, பம்பாயைச் சீதனமாகப் பெற்று, 1668இல் அதை ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்தாரே, அந்த இரண்டாம் சார்லஸ்தான். இவர் தந்தை முதலாம் சார்லஸின் தலையை 1649இல் வெட்டினார்கள். அந்த உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்றவர்களுக்குத்தான் 'கவாலியர்' என்று பெயர்.

இந்தச் சின்ன நாய்கள் அவருக்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தன. முதலாம் எலிசபெத் காலத்து மருத்துவர் ஜான் கையஸ் 1570இல் லத்தீனில் எழுதிய நாய் நூலில், சீமாட்டிகள் மடியில் வைத்துக்கொள்ளும் சிறு ஸ்பானியல்களைப் பற்றிச் சொல்கிறார். வயிற்று வலிக்கு அணைத்துக்கொண்டால் இதமாக இருக்குமாம். சூடான ஒத்தடம் போலத்தான். அவற்றுக்கு ஆங்கிலத்தில் 'கம்ஃபர்ட்டர்', அதாவது ஆறுதல் தருவது, என்று பெயர் இருந்தது. வேட்டைக்கோ காவலுக்கோ அல்ல, மனிதரோடு ஒட்டி இருப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட நாய் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1635 வாக்கில் வான் டைக் வரைந்த ஓவியத்தில் சிறுவன் சார்லஸ் தம்பி தங்கையோடு நிற்கிறான். கூடவே ஸ்பானியல்கள். 1660இல் அரியணை ஏறிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மந்திராலோசனை நடக்கும்போது மன்னர் நாயோடு விளையாடிக்கொண்டிருந்தார் என்று சாமுவேல் பீப்ஸ் 1667இல் தம் நாட்குறிப்பில் அலுத்துக்கொள்கிறார். மன்னரின் படுக்கையறையிலேயே நாய்கள் குட்டி போட்டுப் பால் கொடுத்தன, அரண்மனையே நாறியது என்று ஜான் ஈவ்லின் எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு கட்டுக்கதையையும் இங்கே அழித்துவிடுவோம். இந்த நாயைப் பாராளுமன்றம் உட்பட எங்கேயும் தடுக்கக் கூடாது என்று சார்லஸ் சட்டம் போட்டார், அது இன்றும் செல்லும் என்பார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது.

இனி மூக்குக்கு வருவோம். ஓவியங்களில் உள்ள நாய்க்கு நீண்ட முகம், தட்டையான மண்டை. 1689இல் வில்லியமும் மேரியும் ஹாலந்திலிருந்து வந்து முடிசூடினார்கள். அவர்களோடு சப்பை மூக்கு 'பக்' நாய் மோகமும் வந்தது. நாளாக ஆக ஸ்பானியல்களையும் அப்படியே பார்க்க ஆசைப்பட்டார்கள். விக்டோரியா மகாராணி 1838இல் முடிசூட்டு விழா முடிந்து வந்ததும், தம் செல்ல ஸ்பானியல் 'டாஷ்' நாயைக் குளிப்பாட்டினார் என்பது பிரபலமான செய்தி. அவர் ஆட்சி முடிவதற்குள் பொம்மை ஸ்பானியலின் மண்டை உருண்டையாகி, மூக்கு உள்ளே போய்விட்டது. 1903இல் அதற்குக் 'கிங் சார்லஸ் ஸ்பானியல்' என்றே பெயர் நிலைத்தது. பெயரில் சார்லஸ் இருந்தார், சார்லஸின் நாய் காணாமல் போயிருந்தது!

1920களில் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் பழைய மூக்கைத் தேடி இங்கிலாந்து வந்தார். எங்கும் கிடைக்கவில்லை. ஓவியத்தில் உள்ளது போன்ற நீள முக நாயைக் கொண்டுவருபவருக்கு 25 பவுண்டு என்று 1926இல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் பரிசு அறிவித்தார். பம்பாய்க்கு ஆண்டு வாடகை 10 பவுண்டு, மூக்குக்கு 25! மற்றவர்கள் கழித்துவிட்ட நீள முகக் குட்டிகளைச் சிலர் பொறுக்கி எடுத்து வளர்த்தார்கள். 1928இல் தனிச் சங்கம் உருவானது. 'ஆன்ஸ் சன்' என்ற ஒரே நாயை வைத்து இனத்தின் இலக்கணத்தை எழுதினார்கள். எல்ட்ரிட்ஜ் அந்த ஆண்டே இறந்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் நாய்க்குச் சோறு ஏது? 60 நாய்கள் இருந்த ஒரு பண்ணையில் மூன்றுதான் மிஞ்சின. 1945இல் 'கவாலியர்' தனி இனமாக அங்கீகாரம் பெற்றது.

இப்போது அளவும் குணமும். எடை 5.4 முதல் 8.2 கிலோ வரை, உயரம் ஓரடிக்குச் சற்றுக் கூட. பொம்மை இனங்களில் இது கொஞ்சம் பெரியது. சப்பை மூக்குக் கிங் சார்லஸ் 3.6 முதல் 6.3 கிலோ வரைதான். குணத்தில் குழந்தை மாதிரி. யார் வந்தாலும் வாலாட்டும். திருடன் வந்தாலும் வாலாட்டும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பறவையைக் கண்டால் மட்டும் ஸ்பானியல் ரத்தம் எழுந்து துரத்தும். மூக்கின் நீளம் மாறிக்கொண்டே வந்தாலும், மடியைத் தேடும் குணம் நானூறு ஆண்டுகளாக மாறவில்லை.

ஆனால் இந்தக் கதைக்கு ஒரு விலை உண்டு. விரல் விட்டு எண்ணக்கூடிய நாய்களிலிருந்து ஓர் இனத்தையே பெருக்கினால், அவற்றின் நோயும் சேர்ந்து பெருகும். இதயத்தின் மைட்ரல் வால்வு பழுதாவது இந்த இனத்தின் பெரிய சாபம். ஐந்து வயதில் ஏறத்தாழ பாதி நாய்களுக்கு இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கும். பத்து வயதில் அநேகமாக எல்லாவற்றுக்கும். இன்னொன்று, மூளை அடங்காத சிறிய மண்டை. அதனால் தண்டுவடத்தில் நீர் கோத்து, கழுத்து வலியில் துடிக்கும் நாய்களை 2008இல் பி.பி.சி. ஆவணப்படம் ஒன்று காட்டியது. நார்வேயில் வழக்கே நடந்தது. 2022இல் ஆஸ்லோ நீதிமன்றமும், 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும், அங்கே இந்த இனத்தைப் பெருக்கும் முறை விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டன. அன்பு காட்டவே பிறந்த நாய், நம் கண்ணுக்கு அழகாக இருப்பதற்காக வலி சுமக்கிறது.

கேட்ட பிள்ளைகளுக்கு என் பதில் இதுதான். கணவன் மனைவி இருவரும் காலையில் போய் இரவில் திரும்பும் வீடு என்றால் வேண்டாம். ஆறுதலுக்கென்று வளர்க்கப்பட்ட நாய் தனிமையில் ஏங்கிப்போகும். பெரியவர்கள் பகலில் இருக்கும் வீடு என்றால் யோசிக்கலாம். அப்போதும் குட்டியின் முகத்தைப் பார்த்து மயங்காமல், தாய் தந்தையின் இதயப் பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள். இரண்டரை வயதுக்கு முன் தாயையும் தந்தையையும் இணை சேர்க்கக் கூடாது, அவற்றின் பெற்றோருக்கு ஐந்து வயது வரை இதயம் நன்றாக இருந்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த நெறி. சீட்டு இல்லை என்று விற்பவர் சிரித்து மழுப்பினால், குட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வாருங்கள்.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள். எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது அது எப்படிப் பார்த்தாலும் தட்டிலிருந்து எடுத்துப் போடாதீர்கள்.