நாகையில் மறைந்த சூடாமணி விகாரம்

நம் திருத்துறைப்பூண்டிக்கு வடகிழக்கே கடலோரத்தில் நாகப்பட்டினம் விளங்குகிறது. மீன்பிடிக்கும் ஊராகவும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வழியாகவும் மட்டுமே அதனை நாம் அறிவோம். கடல் கடந்த நாடுகள் போற்றிய பௌத்தப் பெரும்பள்ளி ஒன்று அங்கே ஓங்கி நின்றது என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சூளாமணிவர்மன், முதலாம் இராசராசன் காலத்தில் இவ்விகாரத்தை எழுப்பத் தொடங்கினான். அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் முடித்து, தந்தை பெயரை அதற்குச் சூட்டினான். இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரை இதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். சற்றேறக்குறைய 97 வேலி நிலம். அதன் வருவாய் 8,943 கலத்திற்கும் மேற்பட்ட நெல். இக்கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் இராசேந்திரன். அவனே 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது கடற்படை செலுத்தினான். ஆயினும் பள்ளி அழியவில்லை. 1090ஆம் ஆண்டளவில் முதற் குலோத்துங்கன் கடாரத்தரசன் வேண்டுகோளை ஏற்று அறக்கொடையை உறுதிப்படுத்தினான். இச்செப்பேடுகள் பின்னர் ஆலந்து நாட்டு லெய்டன் நகரை அடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

அந்த நெல்லை விளைவித்தவர் யார்? சேற்றில் இறங்கி நாற்று நட்ட கைகள் யாருடையவை? செப்பேடு கொடுத்தவன் பெயரைச் சொல்கிறது. உழைத்தவன் பெயரைச் சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளோ பறைச்சேரி, தீண்டாச்சேரி என ஊர்ப்புறத்தை வகுத்துக் காட்டுகின்றன. ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே சேரி தனியே நின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ! ஆனைமங்கலம் உள்ள அதே கீழ்வேளூர் வட்டாரத்தில்தான் 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் நம் மக்கள் 44 பேர் எரியூட்டப்பட்டனர் என்பதையும் நாம் மறத்தற்கில்லை.

விகாரத்தின் எச்சமாகக் கருதப்பட்ட செங்கற் கோபுரம் மூன்று நிலைகளுடன் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. ‘புதுவெளிக் கோபுரம்’ என்றும் ‘சீனக் கோபுரம்’ என்றும் அதனை மக்கள் அழைத்தனர். 1846இல் சர் வால்டர் எலியட் அதனைக் கண்டு குறிப்பெழுதினார். 1867இல் சென்னை அரசின் இசைவு பெற்று இயேசு சபையார் அதனை இடித்தனர். 1856 முதல் 1934 வரை நாகையில் அகப்பட்ட ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்களே இன்று அப்பெருமைக்குச் சான்று.

கோபுரத்தைக் காக்க அன்று குரல் கொடுக்க நமக்குக் கல்வியும் இல்லை, அதிகாரமும் இல்லை. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும், 1956இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவியதும் இழந்த வரலாற்றைத் தேடிய முயற்சிகளே.

வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் நம் இளைஞர்கட்கு நாம் வேண்டுவது ஒன்றே. கல்வெட்டையும் செப்பேட்டையும் நீங்களே படியுங்கள். எழுதப்பட்டதை அறியுங்கள்; எழுதாமல் விடப்பட்ட நம் முன்னோர் வாழ்வை நீங்கள் எழுதுங்கள்.