சுரங்கத் தொழிலாளர் நம்பிய விளக்கு

இருள்வழியே செல்லும் ஒருவன் தன் கையிலுள்ள விளக்கை நம்பியே அடுத்த அடியை எடுத்து வைக்கிறான். மின்கலத்தால் எரியும் ரோச் விளக்கொன்றை வாங்கக் கடைக்குச் செல்பவனும், பலவற்றை எடுத்துப் பார்த்து, நெடுங்காலம் உழைக்குமா, வேண்டிய வேளையில் எரியுமா என்று ஆராய்ந்த பின்னரே ஒன்றைத் தெரிவு செய்கிறான். அத்தெரிவு பிழைத்தால் அவனுக்கு நேர்வது பெரும்பாலும் சிறு இடராகவே இருக்கும். ஆனால், கையிலேந்திய விளக்குப் பிழைத்தால் உயிரும் உடன் போகும் என்ற நிலையில் வாழ்நாள் முழுவதும் உழைத்த மக்களும் இருந்தனர். இங்கிலாந்தின் வடகிழக்கிலே, நியூகாசில் நகரைச் சூழ்ந்த நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தோர் அத்தகையோர். அவர்கள் நம்பத்தக்க விளக்கொன்றைப் பெற்ற வரலாறும், பெற்ற பின்னர் அவர்களுக்கு நேர்ந்ததும் சிந்திக்கத்தக்கவை.

நிலக்கரிப் படைகளினுள்ளே மெதேன் என்னும் வாயு அடைபட்டுக் கிடக்கிறது. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, காற்றோடு நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும் நிலையில், ஒரு சிறு சுடர் பட்டாலும் பேரொலியுடன் வெடிக்கும். சுரங்கத்தில் வேலை செய்வோனுக்கோ வெளிச்சம் இன்றியமையாதது. பதினெட்டாம் நூற்றாண்டில் அவனுக்குக் கிடைத்த வெளிச்சம் மெழுகுதிரியின் திறந்த சுடரேயாம். அதற்கு மாற்றாகச் சிலர் அழுகிய மீன்தோலின் மங்கிய ஒளியில் வேலை செய்து பார்த்தனர். வைட்ஹேவன் சுரங்கங்களின் மேலாளரான கார்லைல் ஸ்பெடிங் என்பவர் உருக்குச் சக்கரமொன்றைச் சுழற்றிச் சிக்கிமுக்கிக் கல்லில் உராய்த்து, அதிலிருந்து பறக்கும் பொறிகளை வெளிச்சமாகக் கொள்ளும் கருவியை அமைத்தார். பொறிகள் வாயுவைப் பற்றவைக்கமாட்டா என்று அக்காலத்தவர் நம்பினர். அந்நம்பிக்கை உறுதியானதன்று. ஸ்பெடிங்கும் 1755ஆம் ஆண்டிற் சுரங்க வெடிப்பொன்றிலேயே உயிரிழந்தார்.

1812ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி, தைன் ஆற்றங்கரையை அடுத்த பெல்லிங் என்னும் இடத்துச் சுரங்கம் வெடித்தது. 92 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் சிறுவர். தந்தையும் மக்களும் ஒன்றாய் மடிந்த குடும்பங்களும் இருந்தன. உள்ளே பற்றிய தீயை அணைப்பதற்காகச் சுரங்கத்தின் வாயில்களை அடைத்தமையால், உடல்களை மீட்பதற்கே பல வாரங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர்களை அடக்கஞ் செய்த பங்குக் குருவான ஜோன் ஹொட்ஜ்சன் அதனோடு அமைந்துவிடவில்லை. இத்தகைய விபத்துகள் வெளியே அதிகம் பேசப்படாத அக்காலத்திலே, நிகழ்ந்தவற்றை விரிவாக எழுதிச் சுரங்கத்தின் வரைபடத்துடன் அச்சிட்டு வெளியிட்டார். அதனாற் பலருடைய மனச்சான்று விழித்தது. சுரங்க விபத்துகளைத் தடுக்கும் வழிகளை ஆராய 1813இற் சண்டர்லண்ட் நகரிலே ஒரு சங்கம் தோன்றிற்று.

அவ்வேளையில் மூவர் மூன்று திசைகளிலிருந்து ஒரே பணியில் முயன்றனர். முதல்வர் வில்லியம் ரீட் கிளானி என்னும் மருத்துவர். துருத்தியினாற் காற்றை ஊதி, நீரினூடாகச் செலுத்திச் சுடருக்கு ஊட்டும் விளக்கொன்றை அவர் 1813இல் உலகுக்கு அறிவித்தார். அது பாரமானது, அதை இயக்க ஓயாது துருத்தி ஊதவும் வேண்டியிருந்தது. இரண்டாமவர் இலண்டன் மாநகரிற் புகழின் உச்சியில் இருந்த இரசாயன அறிஞர் சேர் ஹம்ப்ரி டேவி. மூன்றாமவர், கில்லிங்வேர்த் சுரங்கத்திற் பொறிகளைப் பராமரித்து வந்த ஜோர்ஜ் ஸ்டீபன்சன். வறிய தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பதினெட்டு வயதளவிலேயே எழுத்தறிவு பெறத் தொடங்கிய இவரே பிற்காலத்திற் புகையிரதப் பாதையின் தந்தையெனப் போற்றப்பட்டார்.

ஸ்டீபன்சனுக்கு ஆய்வுகூடம் இல்லை, சுரங்கமே ஆய்வுகூடமாயிற்று. 1815ஆம் ஆண்டு ஒக்தோபர் 21ஆந் திகதி, வாயு சீறி வெளிப்படும் இடத்துக்குத் தம் விளக்கை ஏந்திச் சென்று, அது வெடிப்பை உண்டாக்குகிறதா என்று தாமே சோதித்தார். தவறியிருந்தால் அவரும் உடன்சென்றோரும் மீண்டிருக்கமாட்டார்கள். டேவியோ அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் வடக்கே சென்று சுரங்கங்களைப் பார்வையிட்டு, பின்னர் தமக்கு அனுப்பப்பட்ட வாயுவை இலண்டனில் ஆராய்ந்தார். ஒடுங்கிய உலோகக் குழாய்களினூடாக வெடிப்புப் பரவுவதில்லை என்று கண்டு, நவம்பர் 9ஆந் திகதி றோயல் கழகத்தில் அறிவித்தார். அவ்வுண்மையையே மேலும் ஆராய்ந்து, சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலையைப் பொருத்தினாற் போதுமென முடிவு செய்தார்.

இவ்வலையின் இயல்பை எளிதில் விளக்கலாம். காற்றும் வாயுவும் வலையின் கண்கள் வழியே உட்புகும். உள்ளே வாயு எரிந்தாலும், அச்சுடர் வெளியேற முயலுகையில் உலோகக் கம்பிகள் அதன் வெப்பத்தைப் பறித்துவிடுகின்றன. வெப்பம் குன்றிய சுடர் வெளியிலுள்ள வாயுவைப் பற்றவைக்க முடியாது. ஓர் அங்குலத்துக்கு 28 கண்கள், அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 784 கண்கள் என்பது அவ்வலையின் அளவு. 1816ஆம் ஆண்டு ஜனவரி 9ஆந் திகதி ஹெபன் சுரங்கத்தில் அவ்விளக்கு முதன்முதலாகச் சோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. அதனால் மற்றொரு நன்மையும் விளைந்தது. மெதேன் கலந்த இடத்திற் சுடரின்மேல் நீலநிறக் கவிகையொன்று தோன்றும். உயிர்வாயு குன்றிய இடத்திற் சுடர் அணையும். இவ்வாறு விளக்கே காவலனுமாயிற்று.

டேவி தம் விளக்குக்குக் காப்புரிமை பெறவில்லை. மனித குலத்துக்குச் செய்த தொண்டு விலைக்குரியதன்று என்பது அவருடைய எண்ணம். அவருக்கு 2,000 பவுண் பரிசு வழங்கப்பட்டது. ஸ்டீபன்சனுக்கு 100 கினி மாத்திரமே கிடைத்தது. கல்லூரி காணாத ஒருவர் இதனைத் தாமே கண்டுபிடித்திருக்க முடியாதென டேவி கருதினார். வடநாட்டவர் வெகுண்டனர், தமக்குள்ளே பணம் திரட்டி 1,000 பவுணை ஸ்டீபன்சனுக்கு அளித்தனர். இருவரும் தனித்தனியே முயன்று வெற்றி பெற்றனர் என்பதே வரலாறு பிற்காலத்தில் ஏற்றுக்கொண்ட முடிபு.

இனிச் சுரங்க விபத்துகள் ஒழியுமென எல்லோரும் எதிர்பார்த்தனர். நிகழ்ந்ததோ வேறு. 1835இற் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்று இதனை விசாரித்தது. டேராம், நோதம்பர்லண்ட் ஆகிய இரு கோட்டங்களிலும் 1816க்கு முந்திய 18 ஆண்டுகளில் 447 பேர் மாண்டிருந்தனர். விளக்கு வந்த பின்னரான 18 ஆண்டுகளில் மாண்டோர் 538 பேர்!

உயிர்காக்க வந்த விளக்கிருக்க உயிரிழப்புக் கூடியது எவ்வாறு? விளக்கைப் பெற்றதும், வாயு மிகுதியென முன்னர் கைவிடப்பட்ட படைகளிலும், மேலும் ஆழமான இடங்களிலும் ஆட்கள் இறக்கப்பட்டனர். விளக்கு இருக்கிறதே என்ற துணிவினாற் காற்றோட்டத்தைச் சீராக்கும் செலவு பல இடங்களிற் பின்போடப்பட்டது. விளக்கிலும் குறைகள் இருந்தன. நொடிக்குச் சுமார் ஆறு அடிக்கு மேற்பட்ட வேகத்திற் காற்று வீசினாற் சுடர் வலையைக் கடந்து வெளிப்படலாம். வலை செந்நிறமாகக் காய்ந்தாலும், துருப்பிடித்து ஒரு கண் பெருத்தாலும் காவல் அழிந்துவிடும். அதன் ஒளியோ மெழுகுதிரியின் ஒளியிலும் மிகக் குறைந்தது. வெட்டிய நிலக்கரியின் அளவுக்கே கூலி பெற்ற தொழிலாளி, வெளிச்சம் போதாமையால் வலையைக் கழற்றிவிட்டு வேலை செய்ததும் உண்டு. அவனை மாத்திரம் குறைகூறுவது நீதியாகாது. வயிற்றுக்கும் உயிருக்கும் இடையே அவன் நின்றான்.

அதே 1835ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வோல்சென்ட் சுரங்கம் வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோரை விழுங்கிற்று. 1839இற் சவுத் சீல்ட்ஸ் நகரத்துச் சுரங்கமொன்றில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, அந்நகரத்தார் குழுவொன்றை நிறுவி ஆராய்ந்தனர். விளக்கொன்றையே தஞ்சமெனக் கொள்வது ஆபத்தானது. தூய காற்றைப் போதிய அளவில் உள்ளே செலுத்துவதே முதற் கடமை என்பது அவர்கள் கண்ட முடிவு.

இப்படிப்பினை மெல்ல மெல்லச் செயலாயிற்று. பெல்ஜியத்தில் மூசலரும், பிரான்சில் மார்சோவும் வலைக்கும் சுடருக்கும் மேலுங் காப்பமைத்து விளக்கைத் திருத்தினர். சுரங்கத்துள்ளே திறவாதபடி விளக்கைப் பூட்டும் முறை வந்தது. பாதுகாப்பு விளக்கு வேண்டப்படும் இடங்களில், தகுதி பெற்ற ஒருவர் அதனைச் சோதித்துப் பூட்டிய பின்னரே உள்ளே கொண்டுசெல்லலாம் என்று 1872ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சுரங்க வாயிலிலே விளக்குச் சாலைகள் எழுந்தன. காலந்தோறும் மாலைதோறும், இறங்குவோன் இலக்கம் பொறித்த உலோக வில்லையைக் கொடுத்துத் தன் விளக்கைப் பெறுவான். ஏறியதும் விளக்கைக் கொடுத்து வில்லையை மீட்பான். விபத்து நேர்ந்த நாளில், மீட்கப்படாமல் தொங்கிய வில்லைகளே உள்ளே அகப்பட்டோர் இன்னாரென அறிவித்தன.

இருபதாம் நூற்றாண்டில் தலைக்கவசத்திற் பொருத்திய மின்விளக்கு வெளிச்சந் தரும் வேலையை ஏற்றது. பழைய சுடர்விளக்கோ வாயுவை அறியும் கருவியாக நெடுங்காலம் மேற்பார்வையாளரின் கையில் நிலைத்தது. பிரித்தானியாவின் இறுதி ஆழ் நிலக்கரிச் சுரங்கமும் 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மூடப்பட்டது.

சுரங்கத் தொழிலாளி தன் வாழ்நாளெல்லாம் நம்புதற்கு ஒரு விளக்கைத் தேடினான். அறிவுடையோர் அதனை ஆக்கிக் கொடுத்தனர். ஆயினும், வலையை நாள்தோறும் சோதித்த கையும், காற்றைத் தடையின்றி ஓடச் செய்த முதலாளியின் பொறுப்பும், சட்டத்தின் காவலும் கூடிய பின்னரே அவ்விளக்கு நம்பத்தக்கதாயிற்று. பெல்லிங்கில் மாண்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்ட தூண், ஹெவேர்த் தேவாலய வளவில் அதற்குச் சாட்சியாக நிற்கிறது.